நிழலும் கையும்



சற்று முன்பு இந்த மேடையில் நடந்ததை எல்லோரும் பார்த்தீர்கள். அறக்கட்டளையை நிறுவிய பெரியவரின் படத்துக்கு மாலை போட்டோம். மாலை கொஞ்சம் பெரியது, பாதி முகத்தை மறைத்துவிட்டது. கல்லூரி முதல்வர் திரும்பவும் எழுந்து போய், பெரியவரின் கண் தெரிகிற மாதிரி அதை ஒதுக்கிவிட்டார். கேமராவோடு நின்ற தம்பி, "சார், இன்னொரு தடவை" என்றார். முதல்வரும் மாலையைத் தொட்டபடி அசையாமல் நின்றார். ஒரு படத்துக்கு மரியாதை செய்தோம். அந்த மரியாதையையும் படம் எடுத்து வைத்துக்கொண்டோம். நம்மில் யாருக்கும் இது உறுத்தவில்லை. இதில் ஒன்றைக்கூட மனச்சாட்சிக்கு விரோதமில்லாமல் செய்ய முடியாத மனிதர்கள் உலகில் இருக்கிறார்கள். இன்றைக்கு அவர்களைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். நான் சட்டம் சொல்லிக்கொடுத்தவன், சமய அறிஞன் இல்லை. ஆகவே வழக்குக் கட்டுகளின் வழியாகத்தான் எனக்கு அவர்களைத் தெரியும்.

முதலில் என் அப்பத்தாவைப் பற்றிச் சொல்லி, அவரைத் தனியே உட்கார வைத்துவிடுகிறேன். அவருக்குக் கேமரா ஆகாது. "போட்டோ புடிச்சா ஆயுசு கொறையும்" என்பார். அத்தை கல்யாணத்தில் குடும்பப் படம் எடுக்க நாற்காலி போட்டதும் மாட்டுக் கொட்டகைப் பக்கம் போனவர், படக்காரர் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிய பிறகுதான் வந்தார். அந்தப் படத்தில் தாத்தாவுக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருக்கிறது. உங்கள் வீடுகளிலும் இப்படி ஒருவர் இருந்திருப்பார். உயிரோடு இருந்தவரை படம் எடுக்க விடாமல், இறந்த பிறகு நாற்காலியில் சார்த்தி வைத்து, பிள்ளைகள் சுற்றி நின்று எடுத்துக்கொண்ட படங்கள் இன்னும் எத்தனையோ வீட்டுப் பரணில் கிடக்கின்றன.

படத்தை மறுக்கிற எல்லோரையும் அப்பத்தாவின் பக்கத்தில் உட்கார வைத்து, 'மூடநம்பிக்கை' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது நம்மிடம் உள்ள பழக்கம். அப்பத்தா பயந்தது ஆயுசுக்கு. மற்றவர்கள் பயந்தது வேறொன்றுக்கு.

அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒரு பெண்மணி. ஆயிரம் ஏக்கர் குடும்பப் பண்ணை, கறவை மாடுகள், பத்து மைல் தள்ளி ஓர் ஊரில் கணக்கெழுதும் வேலை. கார் ஓட்டாமல் ஒரு நாள்கூட ஓடாது. ஓட்டுநர் உரிமத்தில் படம் ஒட்டாமல் தரவேண்டும் என்று அவர் கேட்டார், அதிகாரிகள் மறுத்தார்கள், வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. பழைய ஏற்பாட்டில் யாத்திராகமம் இருபதாம் அதிகாரத்தில் வருகிற பத்துக் கட்டளைகளில் ஒன்று, வானத்திலும் பூமியிலும் நீரிலும் உள்ள எதற்கும் உருவம் செய்யாதே என்பது. கிறிஸ்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அதைச் சிலை வணக்கத்துக்கு எதிரான கட்டளையாக மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பெண்மணி எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டார். அவர் வீட்டில் கல்யாணப் படம் கிடையாது, தொலைக்காட்சி கிடையாது, பூப்போட்ட அலங்காரம்கூடக் கிடையாது. கடையில் வாங்கிவந்த சாமானின் டப்பாவில் படம் இருந்தால் லேபிளைக் கிழித்துவிடுவார், இல்லையென்றால் கறுப்பு மார்க்கர் பேனாவால் அழித்துவிடுவார். தீர்ப்பில் நீதிபதிகள் இதை அப்படியே பதிவு செய்திருக்கிறார்கள். அதை முதலில் படித்த அன்று சட்ட வாதங்கள் எதுவும் என் மனதில் தங்கவில்லை. அடுக்களையில் நின்று டப்பா டப்பாவாக அழித்துக்கொண்டிருக்கிற அந்தக் கைதான் தங்கியது. எந்தப் போலீஸ்காரரும் பார்க்காத இடத்தில், தனக்கு எந்த லாபமும் இல்லாமல் ஒருவர் இதைச் செய்கிறார் என்றால், அவர் நம்பிக்கை உண்மையா என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

1984இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. வேறு சில வகை உரிமங்களைப் படம் இல்லாமலே கொடுத்துவந்த மாநிலம் இவருக்கு மட்டும் மறுக்க முடியாது என்பது முக்கியமான காரணம். 1985இல் உச்ச நீதிமன்றம் நாலுக்கு நாலு என்று பிரிந்து நின்றது. ஒரு நீதிபதி அந்த வழக்கில் பங்கேற்கவில்லை. சமமாகப் பிரிந்தால் கீழ்த் தீர்ப்பு நிற்கும். அவர் ஜெயித்தார், ஆனால் சட்டத்துக்கு ஒரு விடையும் கிடைக்கவில்லை.

விடை சொல்லும் வேலை இருபத்துநான்கு ஆண்டு கழித்துக் கனடா உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. ஹட்டரைட்டுகள் என்ற சமயக் குழுவினரின் வழக்கு அது. பதினாறாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் தோன்றிய குழு. அவர்கள் பெயருக்குக் காரணமான யாக்கோப் ஹுட்டரை 1536இல் இன்ஸ்புருக் நகரில் உயிரோடு எரித்தார்கள். சொத்து எல்லோருக்கும் பொது, ஆயுதம் தொடுவதில்லை, சண்டைக்குப் போவதில்லை. துரத்தப்பட்டுத் துரத்தப்பட்டு ரஷ்யா வழியாக 1870களில் அமெரிக்காவுக்கு வந்தார்கள். முதல் உலகப் போரில் ராணுவச் சீருடை அணிய மறுத்த அவர்களுடைய இளைஞர்கள் நால்வரைச் சிறையில் அடைத்ததில் இரண்டு பேர் 1918இல் இறந்துபோனார்கள். அதே ஆண்டு கூட்டம் கூட்டமாகக் கனடாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். உயிருக்குப் பயந்தவர்கள் என்று இவர்களைச் சொல்ல முடியுமா?

ஆல்பர்ட்டா மாகாணம் 1974 முதல் ஓட்டுநர் உரிமத்தில் படம் வைத்தது. சமயக் காரணத்தால் மறுப்பவர்களுக்குப் படமில்லாத தனி உரிமமும் கொடுத்துவந்தது. 2003இல் அந்த விலக்கை எடுத்துவிட்டது. எல்லோருடைய முகமும் ஒரு கணினிக் களஞ்சியத்தில் இருக்கவேண்டும், முகத்தை அடையாளம் காணும் மென்பொருள் அதைச் சோதிக்கவேண்டும், அப்போதுதான் ஒருவர் பெயரில் இன்னொருவர் உரிமம் வாங்குவதைத் தடுக்க முடியும் என்றது. வில்சன் காலனி என்ற ஹட்டரைட் குடியிருப்பு வழக்குப் போட்டது. இரண்டு கீழ் நீதிமன்றங்களிலும் அவர்கள்தான் ஜெயித்தார்கள்.

அரசு நடுவில் சமரசத்துக்கும் வந்தது. கவனமாகக் கேளுங்கள், விஷயமே இதில்தான் இருக்கிறது. படத்தை உரிமத்தில் ஒட்டுகிறோம், ஆனால் நீங்கள் அதைப் பார்க்கவே வேண்டாம், உறைக்குள் போட்டு மூடித் தந்துவிடுகிறோம் என்பது ஒரு யோசனை. உரிமத்தில் படமே வேண்டாம், களஞ்சியத்தில் மட்டும் இருக்கட்டும் என்பது இன்னொன்று. அரசு அதிகாரிகள் இதைப் பெரிய விட்டுக்கொடுத்தலாகத்தான் நினைத்திருப்பார்கள். ஹட்டரைட்டுகள் இரண்டையும் மறுத்தார்கள். படத்தை யார் பார்க்கிறார்கள், எங்கே வைக்கிறார்கள் என்பது அவர்களுக்குப் பிரச்சினையே இல்லை. தங்கள் சம்மதத்தோடு ஓர் உருவம் உண்டாகிறதே, அந்த நொடியிலேயே பாவம் நடந்து முடிந்துவிடுகிறது. உறைக்குள் இருந்தால் என்ன, பெட்டிக்குள் இருந்தால் என்ன? பதிலுக்கு அவர்கள் சொன்ன யோசனை நேர்மையானது: எங்கள் உரிமத்தில் 'அடையாளச் சான்றாகப் பயன்படுத்தக் கூடாது' என்று அச்சடித்துவிடுங்கள்.

2009 ஜூலையில் நாலுக்கு மூன்று என்ற கணக்கில் அவர்கள் தோற்றார்கள். வண்டி ஓட்டுவது உரிமை இல்லை, வேண்டுமானால் வெளியாளை ஓட்டுநராக வைத்துக்கொள்ளலாம் என்றது பெரும்பான்மை. மாறுபட்ட நீதிபதிகளில் ஒருவரான அபெல்லா ஒரு கணக்கைக் கேட்டார். படமில்லா உரிமம் தேவைப்படும் ஹட்டரைட்டுகள் சுமார் 250 பேர். உரிமமே இல்லாததால் களஞ்சியத்தில் முகம் இல்லாத ஆல்பர்ட்டாக்காரர்கள் 7,00,000 பேருக்கு மேல். ஏழு லட்சம் ஓட்டை உள்ள சல்லடையில் 250 ஓட்டையை அடைத்து என்ன காணப்போகிறீர்கள்? உவமை என்னுடையது, கேள்வி அவருடையது. இதற்குப் பெரும்பான்மைத் தீர்ப்பில் எனக்குத் திருப்தியான பதில் கிடைக்கவில்லை.

சரி, படம் என்பது உண்டாக்கப்படுகிறதா, தானாக விழுகிறதா? ஹட்டரைட்டுகளின் மறுப்பு முழுவதும் இந்தக் கேள்வியின் மேல் நிற்கிறது. இஸ்லாமிய உலகில் இதே கேள்வியை எவ்வளவு நுட்பமாக அலசியிருக்கிறார்கள் என்பதைப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது.

உருவப்படம் கூடாது என்று குர்ஆனில் நேரடியாக வசனம் இல்லை. தடை நபிமொழிகளிலிருந்து வருகிறது. உருவம் செய்தவரிடம் மறுமை நாளில், நீ படைத்ததற்கு உயிர் கொடு என்று சொல்லப்படும், அவரால் முடியாது என்பது அவற்றின் சாரம். படைப்பது இறைவனின் வேலை, அதற்குப் போட்டியாக நிற்பதுதான் குற்றம். புகாரி என்ற நபிமொழித் தொகுப்பில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. உருவம் செய்து பிழைக்கிற ஒருவர் நபித்தோழர் இப்னு அப்பாஸிடம் வந்து, இதுதான் என் பிழைப்பு என்கிறார். இப்னு அப்பாஸ் அந்த நபிமொழியைச் சொல்கிறார். வந்தவருக்கு முகம் வெளிறி, மூச்சு வாங்குகிறது. அதைப் பார்த்ததும் இவர், செய்துதான் ஆகவேண்டும் என்றால் மரத்தை வரை, உயிரில்லாததை வரை என்கிறார். இன்றும் நம்மூர் முஸ்லிம் கடைகளின் காலண்டரில் கஃபா இருக்கும், நாகூர் மனோரா இருக்கும், மலையும் மரமும் இருக்கும், முகம் இருக்காது. அந்தக் கைவினைஞருக்குக் கிடைத்த பதிலைத்தான் நாம் சுவரில் பார்க்கிறோம். நபியின் துணைவி ஆயிஷா நாயகியின் வீட்டுத் திரை பற்றிய செய்தி இன்னும் சுவையானது. உருவம் போட்ட திரை தொங்கியது, நபிகள் நாயகத்துக்குப் பிடிக்கவில்லை. அதை எடுத்துக் கிழித்துத் தலையணையாக்கிக்கொண்டார்கள். தொங்கியபோது ஆகாத துணி, சாய்ந்துகொள்ளும் தலையணையானபோது ஆகிறது.

கேமரா வந்ததும் பழைய தடைக்குப் புதிய சிக்கல். எகிப்திய ராணுவப் பொறியாளர் முகம்மது சாதிக் 1861இல் மதீனாவைப் படம் எடுத்துவிட்டார், இருபது ஆண்டுக்குள் மக்காவையும் எடுத்தார். முகங்களும் ஸ்டுடியோக்களுக்கு வந்தன. மார்க்கம் என்ன சொல்கிறது? 1914இல் எகிப்தின் தலைமை முஃப்தியாகப் பதவியேற்ற முகம்மது பகீத் அல்முதீஈ தனி நூலே எழுதினார். புகைப்படக்காரன் எதையும் படைக்கவில்லை, ஏற்கெனவே இறைவன் படைத்த ஒன்றின் நிழலைப் பிடித்து அடைத்து வைக்கிறான், கண்ணாடியில் தெரிகிற பிம்பம் போகாமல் நின்றுவிட்டது போலத்தான் இது என்பது அவர் வாதம். நிழலைப் பிடித்து வைப்பது! இதைப் படித்தபோது என்னையறியாமல் சிரித்துவிட்டேன். 'நிழற்படம்' என்று நாம் தமிழில் சொல்கிறோமே, அந்தச் சொல்லுக்குள்ளேயே கெய்ரோ முஃப்தியின் தீர்ப்பு இருக்கிறது. 'புகைப்படம்' என்பது எங்கிருந்து வந்ததென்று தமிழ்த்துறைக்காரர்கள் சொல்லட்டும், நான் அந்தச் சண்டைக்கு வரவில்லை.

இங்கிலாந்தில் இந்தக் கலையைக் கண்டுபிடித்த ஃபாக்ஸ் டால்பட்டும் 1839இல் நிழலை நிலைநிறுத்தும் கலை என்றுதான் பேசினார். படத்தை வரைந்தது இயற்கையின் தூரிகை, ஓவியனின் கை அதில் படவில்லை என்பது அவருக்குப் பெருமை. நம் பாஷையில் சொன்னால் சுயம்பு. உளி படாமல் தானே தோன்றிய லிங்கத்துக்குச் சிற்பி செதுக்கியதைவிட ஒரு படி மேலான மதிப்பு நம்மிடம் உண்டல்லவா? கிறிஸ்தவர்களிலும் கையால் ஆக்கப்படாத திருமுகம் என்று ஒரு மரபு உண்டு, துணியில் தானாகப் பதிந்த இயேசுவின் முகம். 1898இல் செக்கோந்தோ பியா என்பவர் இயேசுவின் உடலைப் போர்த்தியதாகச் சொல்லப்படும் தூரின் நகரத்துத் துணியைப் படம் எடுத்து இருட்டறையில் கழுவியபோது, நெகட்டிவில் ஒரு முகம் தெளிவாகத் தெரிந்தது. பலருக்கு அது சான்றாகிவிட்டது. மனிதக் கை வராத இயந்திரம், மனிதக் கை வராத உருவத்துக்குச் சாட்சி சொல்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள்.

எல்லா ஆலிம்களும் எகிப்து முஃப்தியை ஏற்கவில்லை. தேவ்பந்த் மதரஸா மரபில் முஃப்தி முகம்மது ஷஃபீ புகைப்படமும் உருவப்படம்தான் என்று எழுதினார். கேமராவைக் குறிவைத்து விசையை அழுத்துவது கையில்லாமல் என்ன? எனக்கு இந்த வாதமும் பலமாகவே படுகிறது. இப்படி உறுதியாக இருந்தவர்களும் கடவுச்சீட்டுக்கு மட்டும் வழிவிட்டார்கள். ஹஜ்ஜுக்குப் போகக் கடவுச்சீட்டு வேண்டும், அதற்குப் படம் வேண்டும், நிர்ப்பந்தம் தடையைத் தளர்த்தும். ஷஃபீயின் மகன் முஃப்தி தகீ உஸ்மானி, கணினித் திரையில் தெரிவது அச்சாகும்வரை படமாகாது என்று இன்னொரு படி போனார். வாதம் ரத்தத்தில் முடிந்த இடமும் உண்டு. சவுதியில் 1965இல் தொலைக்காட்சி வந்தபோது அதை எதிர்த்துக் கிளம்பிய கூட்டத்தில் இருந்த அரச குடும்ப இளைஞர் ஒருவர் காவலரின் குண்டுக்குப் பலியானார். பத்தாண்டு கழித்து மன்னர் ஃபைசலைச் சுட்டவர் அந்த இளைஞரின் தம்பி.

இப்போது மதுரைக்கு வருவோம். 2006இல் வாக்காளர் பட்டியலில் படம் சேர்ப்பதை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் மதுரைக்காரர் ஒருவர் போட்ட வழக்கு. பர்தா அணியும் பெண்களின் முகம் அச்சாகி, அந்நிய ஆண்களின் கைக்குப் போகும் என்பது புகார். தலைமை நீதிபதி ஏ.பி.ஷாவும் நீதிபதி கே.சந்துருவும் அதை ஏற்கவில்லை. மேல்முறையீட்டில், 2010இல், அவ்வளவு பிடிவாதமான உணர்வு இருந்தால் வாக்களிக்கப் போகவேண்டாம் என்கிற பொருளில் உச்ச நீதிமன்ற அமர்வு வாய்மொழியாகச் சொன்னது பத்திரிகைகளில் பெரிதாக வந்தது. வழக்கின் முடிவு சரி, அந்த வார்த்தை சரியில்லை. வேலிக்கு வெளியே நில் என்று சொல்ல நீதிமன்றம் எதற்கு?

நான் கவனித்த விஷயம் வேறு. மதுரைக்காரரின் மறுப்பும் ஆல்பர்ட்டாக்காரர்களின் மறுப்பும் ஒன்றுக்கொன்று தலைகீழ். மதுரையில் உருவம் உண்டாவது பிரச்சினை இல்லை, அதை யார் பார்க்கிறார் என்பதுதான் பிரச்சினை. பெண் ஊழியர் படம் எடுத்து, அச்சுப் பிரதி வெளியாட்களுக்குப் போகாமல் பார்த்துக்கொண்டால் முக்கால்வாசிக் குறை தீர்ந்திருக்கும். ஆல்பர்ட்டா அதிகாரிகள் காட்டிய மூடிய உறை மதுரைக்குப் பொருத்தமான மருந்து, தப்பான நோயாளிக்குக் கொடுத்துவிட்டார்கள்.

இதெல்லாம் மற்ற மதத்துக்காரர்களின் சங்கடம் என்று நினைத்தால், நம் கோயில் வாசல் பலகையைப் பாருங்கள். உருவ வழிபாட்டின் உச்சம் நம்முடையது. ஆனால் கருவறையில் படம் எடுக்கக் கூடாது. 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் கைப்பேசிக்கே தடை போடச் சொன்னது. உற்சவர் படம் சன்னதித் தெருக் கடையில் தொங்குகிறது, மூலவரை மட்டும் எடுக்கக் கூடாது என்றால் ஏன்? பல அர்ச்சகர்களிடம் கேட்டிருக்கிறேன். ஆகமம் என்றார் ஒருவர், சக்தி குறையும் என்றார் ஒருவர், தீபாராதனை நேரத்தில் ஆளாளுக்கு போனைத் தூக்கினால் பின்னால் நிற்பவன் எதைப் பார்ப்பான் என்றார் இன்னொருவர். மூன்றாமவரை எனக்குப் பிடித்தது.

வள்ளலாரின் கதையும் இதோடு சேர்ந்தது. சென்னைப் படக்காரர் மாசிலாமணி முதலியார் எட்டு முறை எடுத்தும் வெள்ளை ஆடை மட்டுமே விழுந்தது, உருவம் விழவில்லை என்று அன்பர்கள் வழிவழியாகச் சொல்கிறார்கள். பண்ணுருட்டிக் குயவர் ஒருவர் மண்ணில் செய்துவந்த தன் உருவத்தை வள்ளலார் வாங்கிக் கீழே நழுவவிட்டார் என்றும் சொல்வார்கள். நடந்ததா என்று நான் விசாரிக்கப் போவதில்லை. 1872இல் வடலூரில் சபை கட்டியவர் உள்ளே வைத்தது விளக்கு. இன்று அவர் படம் இல்லாத சன்மார்க்க சங்கம் ஒன்றைக் காட்டுங்கள்.

இன்றைய நிலைமையில் எகிப்து முஃப்தியின் வாதமே ஆட்டம் காண்கிறது என்பதையும் சொல்லவேண்டும். இப்போது நான்கு வார்த்தை தட்டினால் பிறக்காத ஒருவனின் முகத்தைக் கணினி உண்டாக்கித் தருகிறது. பிடித்து வைக்க அங்கே நிழலே இல்லை. எதிர்த் திசையில், ஆல்பர்ட்டாவின் களஞ்சியத்தில் மென்பொருள் ஒப்பிடுவது மூக்குக்கும் கண்ணுக்கும் உள்ள தூரத்தை, எண்களை. அது உருவமா? ஹட்டரைட்டுகள் ஆம் என்பார்கள். தனியுரிமை பேசுகிற வழக்கறிஞர்கள் இன்று அதற்கு நெருக்கமான ஒன்றை வேறு மொழியில் சொல்கிறார்கள்.

அப்பத்தாவைத் தனியே உட்கார வைத்தேன் அல்லவா? 1990களில் வாக்காளர் அடையாள அட்டை வந்தது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வரிசையாகப் படம் எடுத்தார்கள். அட்டை இல்லாவிட்டால் ஓட்டு இல்லை என்று யாரோ சொல்லிவிட, கேமராவுக்குப் பயந்து எழுபது வருஷம் ஒளிந்தவர் விறுவிறுவென்று போய் உட்கார்ந்துவிட்டார். முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் இறந்தபோது வீட்டில் வேறு படம் கிடையாது. அந்த அட்டையைத்தான் ஸ்டுடியோவுக்கு எடுத்துப்போனோம். தாடைப் பக்கம் அரசாங்கத்தின் மினுமினுப்பு முத்திரை படத்தில் ஏறியிருந்ததால், ஸ்டுடியோக்காரர் கண்ணையும் நெற்றியையும் அட்டையிலிருந்து பெரிதாக்கிவிட்டு, தாடையையும் கழுத்தையும் புடவைத் தலைப்பையும் கையால் வரைந்து கொடுத்தார். அத்தை பார்த்துவிட்டு, "தாடை எங்க ஆத்தா தாடை மாதிரி இல்ல" என்றார்.

அந்தப் படத்துக்குத்தான் ஒவ்வொரு திதிக்கும் மாலை போடுகிறோம்.